ஒரு வெங்காயம், நான்கு அமைச்சகங்கள்: நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொல்லும் பதிலை எப்படிப் படிப்பது?

2023 டிசம்பர் 8. மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் வெங்காய ஏலம் நின்றுபோனது. அதற்கு முந்தைய நாள்தான் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. லாசல்காவ் உள்ளிட்ட மண்டிகளில் விவசாயிகள் ஏலத்தை நிறுத்தினார்கள். மும்பை-ஆக்ரா நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது.

அன்றைக்கு நீங்கள் பெங்களூரிலோ புனேயிலோ உட்கார்ந்து செயலியில் ஒரு கிலோ வெங்காயம் ஆர்டர் போட்டிருந்தால், "அப்பாடா, இனி விலை இறங்கும்" என்று நினைத்திருக்கலாம். அதில் தப்பில்லை. நாசிக்கில் நின்றவருக்கும் உங்களுக்கும் அது ஒரே வெங்காயம்தான். ஒருவருக்கு அது வருமானம், இன்னொருவருக்குச் செலவு. இரண்டு பேரும் கேட்கக்கூடிய கேள்வியும் ஒன்றுதான்: இந்த முடிவை எடுத்தது யார்? எந்தக் கணக்கை வைத்து எடுத்தார்கள்?

இதைக் கேட்பதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது, நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம். அங்கே அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம்மில் பலர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்தவர்களும் இரண்டாவது பத்தியில் களைத்துப்போய் மூடிவிடுகிறோம்.

தரவு வேலைக்காக இந்தப் பதில்களை வாரம் தவறாமல் படிக்கிற பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். அமைச்சரின் பதிலில் நேரடியான பொய்யைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் கேட்ட கேள்வி ஒன்றாகவும் பதில் கிடைத்த கேள்வி வேறாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், இந்த ஆவணங்கள் சுவாரசியமாகிவிடும்.

கேள்வி நேரம் எப்படி நடக்கிறது?

மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கும் கேள்வி நேரம் தொடங்குகிறது. கேள்விகளில் இரண்டு வகை முக்கியம்.

முதல் வகை, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 கேள்விகள் இப்படிப் பட்டியலிடப்படும். நடைமுறையில் சில கேள்விகளை முடிப்பதற்குள்ளேயே நேரம் போய்விடும்.

இரண்டாம் வகை, நட்சத்திரக் குறியில்லாத கேள்வி. இதற்கு எழுத்தில் மட்டுமே பதில். துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 230, மாநிலங்களவையில் 160 வரை வரும். மாவட்ட வாரியான, ஆண்டு வாரியான அட்டவணைகள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் சுரங்கம்.

உறுப்பினர்கள் குறைந்தது 15 நாள் முன்னதாகவே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கல் முறையில் வரிசை முடிவாகும். அதாவது ஒவ்வொரு எழுத்துப் பதிலையும் தயார் செய்ய அமைச்சகத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அவசரத்தில் தவறிவிட்டது என்று சொல்ல வாய்ப்பு குறைவு. பதிலில் ஒரு விவரம் இல்லையென்றால், அது பெரும்பாலும் யோசித்து விடப்பட்டதாகவே இருக்கும்.

அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினால் அது உரிமை மீறல். அதனால்தான் அதிகாரிகள் ஒவ்வொரு எண்ணையும் கவனமாக எழுதுகிறார்கள். நமக்கு அந்தக் கவனம் நல்லது. பதிலில் இருக்கும் எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெங்காயத்துக்கு யார் பொறுப்பு?

மறுபடி வெங்காயத்துக்கு வருவோம். சில மாத இடைவெளியில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 19: ஏற்றுமதிக்கு 40% வரி.
2023 அக்டோபர் 28: டன்னுக்கு 800 டாலர் என்ற குறைந்தபட்ச ஏற்றுமதி விலை அறிவிப்பு.
2023 டிசம்பர் 7: முழுத் தடை, 2024 மார்ச் 31 வரை. பிறகு அதுவும் நீட்டிக்கப்பட்டது.
2024 மே 4: தடை நீக்கம். ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40% வரியும் தொடர்ந்தன.
2024 செப்டம்பர் 13: குறைந்தபட்ச விலை நீக்கம், வரி 20% ஆகக் குறைப்பு.
2025 ஏப்ரல் 1: அந்த வரியும் நீக்கம்.

இத்தனை மாற்றங்களில் ஒன்றைக்கூட வேளாண் அமைச்சகம் அறிவிக்கவில்லை. ஏற்றுமதித் தடையும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் வணிக அமைச்சகத்தின் கீழ் வரும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் வேலை. ஏற்றுமதி வரி நிதி அமைச்சகத்தின் வேலை. சந்தை விலையைக் கண்காணிப்பதும், நாஃபெட், என்சிசிஎஃப் வழியாக வெங்காயத்தை வாங்கிச் சேமித்து வைப்பதும் நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் வேலை. எத்தனை ஏக்கரில் எவ்வளவு விளைந்தது என்பதை மட்டும் வேளாண் அமைச்சகம் சொல்லும்.

இப்போது ஒரு உறுப்பினர், "தடையால் வெங்காய விவசாயிகளுக்கு எவ்வளவு இழப்பு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இதை எந்த அமைச்சகத்திடம் கேட்பது? நுகர்வோர் விவகார அமைச்சகம் கையிருப்புக் கணக்கைச் சொல்லும்: 2023-24இல் இலக்கு 3 லட்சம் டன்னில் இருந்து 5 லட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது, ஆகஸ்ட்டில் குவிண்டால் 2,410 ரூபாய்க்குக் கொள்முதல் நடந்தது, கிலோ 25 ரூபாய்க்கு மக்களுக்கு விற்கப்பட்டது. வணிக அமைச்சகம் ஏற்றுமதிக் கணக்கைச் சொல்லும். வேளாண் அமைச்சகம் உற்பத்திக் கணக்கைச் சொல்லும். எல்லாமே உண்மைதான். கேட்ட கேள்விக்கான விடை மட்டும் எதிலும் இல்லை. விவசாயியின் இழப்பைக் கணக்கிடுவது நான்கு அமைச்சகங்களில் எதற்கும் வேலையாக இல்லை.

உங்கள் பக்கத்து நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு முழுக்க சுமார் 550 மையங்களில் இருந்து அத்தியாவசியப் பொருள்களின் சில்லறை விலையை நுகர்வோர் விவகாரத் துறை நாள்தோறும் சேகரிக்கிறது. அதாவது நீங்கள் கொடுக்கிற விலையை ஒரு அமைச்சகம் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விலை ஏறினால் அங்கே மணி அடிக்கும். நாசிக்கில் விலை விழுந்தால் அதே வேகத்தில் அடிக்க ஒரு மணி இல்லை. நீங்கள் கொடுக்கும் பணத்தில் விவசாயிக்குப் போவது எவ்வளவு? ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2024இல் மதிப்பிட்டபடி, வெங்காயத்துக்கு நுகர்வோர் தரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 36 ரூபாய்தான்.

எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள்?

2025 மார்ச் 22 அன்று ஏற்றுமதி வரியை நீக்கும் அறிவிப்பு வந்தபோது அரசு சொன்ன எண்களைப் பாருங்கள். வெங்காய ஏற்றுமதி 2024 செப்டம்பரில் 0.72 லட்சம் டன்னாக இருந்தது, 2025 ஜனவரியில் 1.85 லட்சம் டன்னாக உயர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது.

அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. 2023-24இல் மொத்த ஏற்றுமதி 17.17 லட்சம் டன். 2024-25இல் மார்ச் 18 வரை 11.65 லட்சம் டன். இதோடு கட்டுப்பாடுகளுக்கு முந்தைய 2022-23இன் 25 லட்சம் டன்னையும் சேர்த்துப் பாருங்கள். மாதக் கணக்கு ஏறுகிறது, ஆண்டுக் கணக்கு இறங்குகிறது. இரண்டுமே சரியான எண்கள்தான். வெங்காயத்துக்குப் பருவம் உண்டு. செப்டம்பரில் சரக்கு குறைவு, ஜனவரியில் புது அறுவடை வந்துவிடும். அந்த இரண்டு மாதங்களை ஒப்பிட்டால் எந்தக் கொள்கையும் வெற்றி போலத்தான் தெரியும்.

ஆகவே பதிலில் "உயர்ந்துள்ளது" என்ற சொல்லைப் பார்த்தால் உடனே கேளுங்கள்: எதிலிருந்து? எந்த மாதத்திலிருந்து, எந்த ஆண்டிலிருந்து? டன்னிலா, ரூபாயிலா?

"செலவைப் போல ஒன்றரை மடங்கு" என்றால்?

விவசாயக் கேள்விகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் இது: 2018-19 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கும்படி நிர்ணயிக்கப்படுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையமும் செலவுக்கு மேல் 50% என்றுதான் பரிந்துரைத்தது. அப்படியென்றால் விவசாயிகள் ஏன் இன்னும் தெருவில் நிற்கிறார்கள்?

விடை "செலவு" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. 2024-25 காரீஃப் பருவத்துக்கு நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அரசு எடுத்துக்கொண்ட செலவு 1,533 ரூபாய். வகுத்துப் பாருங்கள், சரியாக ஒன்றரை மடங்கு. இது "ஏ2 + எஃப்எல்" என்ற கணக்கு. விதை, உரம், கூலி என்று கையிலிருந்து போன பணமும், குடும்பத்தார் உழைப்புக்கான மதிப்பும் இதில் அடங்கும்.

"சி2" என்று இன்னொரு கணக்கு உண்டு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலீட்டுக்கான வட்டியையும் அது சேர்த்துக்கொள்ளும். அதே நெல்லுக்கு, அதே ஆண்டில், அது 2,008 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கு 3,012 ரூபாய். குவிண்டாலுக்கு 712 ரூபாய் வித்தியாசம்.

நீங்கள் ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவராக இருந்தால் சட்டென்று புரியும். மின்கட்டணத்தையும் உங்கள் உழைப்பையும் கணக்கில் போட்டுவிட்டு, அலுவலகமாக நடக்கிற சொந்த அறைக்கு வாடகை போடாமல் விடுவது போலத்தான் இது. எந்தக் கணக்கு சரி என்பதில் பொருளாதார நிபுணர்களிடையே நியாயமான விவாதம் இருக்கிறது. ஆனால் போராடும் விவசாயிகள் கேட்பது சி2 கணக்கை. அந்தச் சொல்லைத் தொடாமல் "ஒன்றரை மடங்கு தருகிறோம்" என்று சொன்னால் அது வேறொரு கேள்விக்கான பதில்.

2024 டிசம்பர் 6 அன்று மாநிலங்களவையில் வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், விவசாயிகளின் விளைபொருள் முழுவதும் ஆதரவு விலையில் வாங்கப்படும் என்று உறுதி சொன்னார். அது மோடியின் உத்தரவாதம் என்றார். அதே நாளில் ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு டெல்லிக்குக் கிளம்பிய விவசாயிகள் பஞ்சாப்-ஹரியானா எல்லையான ஷம்பூவில் தடுக்கப்பட்டார்கள். அவர்கள் மீது கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. அமைச்சரின் உறுதியும் சட்ட உத்தரவாதமும் ஒன்றல்ல. சட்டம் இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவையில் சொன்ன உறுதியை வைத்துக்கொண்டு அப்படிப் போக முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஆதரவு விலை 22 பயிர்களுக்குத்தான் அறிவிக்கப்படுகிறது. நம் வெங்காயம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சராசரியைக் கேட்டால் சாதனையாளர் வருவார்

2022க்குள் விவசாயிகளின் வருமானம் இரட்டிப்பாகும் என்பது 2016இல் அரசு அறிவித்த இலக்கு. "இரட்டிப்பானதா?" என்று உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதில்களில் திட்டங்களின் நீண்ட பட்டியல் வந்தது. கூடவே, வருமானத்தை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிய 75,000 விவசாயிகளின் வெற்றிக் கதைகளை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் புத்தகமாக வெளியிட்டிருக்கிறது என்ற தகவலும் வந்தது.

75,000 பேர் ஜெயித்தது நல்ல செய்திதான். ஆனால் கேள்வி சராசரி விவசாயியைப் பற்றியது. அதற்கான எண் அரசிடமே இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2012-13இல் 6,426 ரூபாய், 2018-19இல் 10,218 ரூபாய். விலைவாசி உயர்வைக் கழிப்பதற்கு முன்பே இது இரட்டிப்பு இல்லை. அதைவிட முக்கியம், அந்த 10,218 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது என்பது. கூலி வேலையில் இருந்து 4,063 ரூபாய். பயிர் சாகுபடியில் இருந்து 3,798 ரூபாய். அதாவது சராசரி விவசாயக் குடும்பம் பயிரைவிடக் கூலியில்தான் அதிகம் சம்பாதித்தது. எழுபத்தைந்தாயிரம் வெற்றிக் கதைகளில் இந்த ஒரு வரி தெரியாது.

இந்தச் சொற்களைப் பார்த்தால் நிதானியுங்கள்

"விவசாயம் மாநிலப் பட்டியலில் உள்ளது." அரசமைப்புச் சட்டத்தின்படி இது சரி. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 14ஆவது பதிவு. ஆனால் வெளிநாட்டு வணிகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலின் 33ஆவது பதிவில் இருக்கிறது. 2020இல் மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்தபோது மத்திய அரசு காட்டிய ஆதாரம் இந்த 33தான். அதிகாரத்தைக் கேட்டால் ஒரு பட்டியல், பொறுப்பைக் கேட்டால் வேறு பட்டியல் என்று வருகிறதா என்று பாருங்கள்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது." இதைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு உறுதிமொழியாகவே கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகளுக்கான குழு இதைப் பின்தொடர்கிறது. தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

"எழவில்லை." கேள்வியின் ஒரு பகுதிக்கு விடை "இல்லை" என்றால், அதைச் சார்ந்த அடுத்த பகுதிக்கு "இக்கேள்வி எழவில்லை" என்று எழுதுவார்கள். பார்க்கச் சாதாரண அலுவலக மொழி. ஆனால் 2021 குளிர்காலக் கூட்டத்தொடரில், வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தில் இறந்த விவசாயிகள் எத்தனை பேர், அவர்களது குடும்பங்களுக்கு நிதி உதவி உண்டா என்று கேட்கப்பட்டது. அப்போதைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமரின் எழுத்துப் பதிலின் சாரம் இதுதான்: அமைச்சகத்திடம் இதுகுறித்துப் பதிவு எதுவும் இல்லை, எனவே அந்தக் கேள்வி எழவில்லை. கணக்கு எடுக்கவில்லை, அதனால் உதவி என்ற பேச்சே இல்லை. ஒரு எண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

கேள்வியே இல்லாமல் போனால்?

பதிலில் ஓட்டை இருப்பதாவது நமக்குத் தெரிகிறது. கேள்வியே கேட்க முடியாமல் போனால் அதுவும் தெரியாது. மூன்று வேளாண் மசோதாக்களும் நிறைவேறிய 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கோவிட் காரணமாகக் கேள்வி நேரம் ரத்து செய்யப்பட்டது. எழுத்துப் பதில் மட்டும் இருந்தது. எழுந்து நின்று துணைக் கேள்வி கேட்க வழியில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

வெங்காயத் தடை வந்த 2023 டிசம்பர் கூட்டத்தொடரிலும் இப்படி ஒன்று நடந்தது. இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கனிமொழி, ஜோதிமணி, மாணிக்கம் தாகூர், சு. வெங்கடேசன் போன்ற தமிழ்நாட்டு உறுப்பினர்களும் அதில் உண்டு. இடைநீக்கம் ஆனவர்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த கேள்விகள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. அவர்களுக்கு ஓட்டுப் போட்ட தொகுதிகளின் கேள்விகளும் அதோடு போயின.

நீங்கள் என்ன செய்யலாம்?

சன்சத் இணையதளத்தில் இரு அவைகளின் கேள்விகளும் பதில்களும் இருக்கின்றன. உறுப்பினர் பெயர், அமைச்சகம், தலைப்பு என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் தொகுதி உறுப்பினர் இந்த ஆண்டு விவசாயம் பற்றி என்ன கேட்டார் என்று பார்ப்பதில் தொடங்குங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

ஒரு பதிலைத் திறந்ததும் முதலில் கேள்வியைப் படியுங்கள். அதில் அ, ஆ, இ என்று பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா, அல்லது "அ முதல் உ வரை" என்று ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டாக இருந்தால் ஏதோ ஒரு பகுதிக்கு விடை விடுபட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பின்னிணைப்பு அட்டவணை பெரும்பாலும் முன்பக்கத்துப் பத்தியைவிட நிறையப் பேசும். முடிந்தால் அதே கேள்விக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்ன பதில் என்று தேடிப் பாருங்கள். அளவுகோல் மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

விடுபட்ட பகுதி கிடைத்ததா? அதை ஒரு கேள்வியாக எழுதி உங்கள் உறுப்பினருக்கு அனுப்புங்கள். அவர் கேட்பாரா என்பது அவர் விருப்பம். ஆனால் உறுப்பினர்களுக்கு நல்ல கேள்விகள் எப்போதும் தேவைப்படுகின்றன.

வெங்காய விலை மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். அடுத்த முறை அது செய்தியில் வரும்போது, அமைச்சர் சொன்ன எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அவரிடம் கேட்கப்பட்டது என்ன என்றும் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஏலத்தை நிறுத்தியவருக்கு எவ்வளவு இழப்பு என்ற கேள்விக்கான எண் நான்கு அமைச்சகங்களில் எந்தப் பதிலில் வருகிறது என்று பாருங்கள்.